மாடியில் காய்ந்த காக்கிச் சட்டை

வளர்மதியின் காக்கிச் சட்டை பதினெட்டு வருஷமாக வெயிலையே பார்த்ததில்லை. அவள் உடம்பில் இருக்கும்போது பார்க்காமல் என்ன? தேர், திருவிழா, மறியல், மாநாடு என்று நடுரோட்டில் நின்று நன்றாகவே வெந்திருக்கிறது. நான் சொல்வது துவைத்த பிறகு கொடியில் காய்கிற வெயிலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் குடிபோன முதல் வீட்டிலேயே ஓனரம்மா வந்து, "யம்மா, அத்த உள்ளயே காயப்போட்டுக்கோ. எதிர் வூட்டுக்காரங்க இன்னா ஏதுன்னு கேக்கறாங்க" என்று சொல்லிவிட்டாள். அன்று உள்ளே போன சட்டை, போலீஸ் குடியிருப்புக்கு மாறிய பிறகும் பழக்கத்தால் உள்ளேயே இருந்துவிட்டது. ஜன்னல் கம்பிக்கும் கதவு ஆணிக்கும் நடுவில் கட்டிய கயிற்றில், ஃபேனுக்குக் கீழே காயும். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் ஆனாலும் ஈர நாற்றம் போகாது. அந்த நாற்றத்தோடே எத்தனையோ அதிகாரிகளுக்கு சல்யூட் அடித்திருக்கிறாள், பாவம்.

வயது முப்பத்தெட்டு. தலைமைக் காவலர், ஊர் வாயில் ஏட்டம்மா. தேர்வில் தேறுகிற அளவுக்குத்தான் உயரம், குரல் மட்டும் அதற்குமேல். பிறந்தது உத்திரமேரூருக்குப் பக்கத்தில் திருப்புலிவனம். அப்பா சடையப்பனுக்கு ஏரிக்குக் கீழே கொஞ்சம் நெல் நிலம். அவள் மூன்றாவது படிக்கும்போது பக்கத்து நிலத்துக்காரனோடு வரப்புத் தகராறு வந்து, சடையப்பனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். அம்மா சொக்கம்மாள் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கத்து வேப்பமரத்தடியில் காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்றாள். உள்ளே அடிக்கிறார்களா, பேசுகிறார்களா, கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்களா, ஒன்றும் தெரியாது. உள்ளிருந்து போலீஸ்காரர்கள் டீ குடிக்கப் போனார்கள், திரும்பி வந்தார்கள். ஒருவர்கூட மரத்தடிப் பக்கம் திரும்பவில்லை. பொழுது சாயும்போது சடையப்பன் வெளியே வந்து, "ஒண்ணும் இல்ல. ஒக்கார வெச்சி எழுதி வாங்கிக்கினு வுட்டுட்டாங்க" என்றார். அவ்வளவுதான் விஷயம். அவ்வளவுதான் என்று தெரியாமல் அம்மா அன்று பட்ட பாட்டை வளர்மதி மறக்கவே இல்லை.

அதே பெண் வளர்ந்து போலீஸ் தேர்வில் தேறியபோது சடையப்பன் தலையில் கைவைத்துக்கொண்டார். "போலீசா? நம்ம வூட்டுப் பொண்ணா? எவன் வந்து பொண்ணு கேப்பான்?" என்றார். அடுத்த வாரமே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும், "எம்பொண்ணு போலீஸ்ல கீது" என்று சொல்லிவிட்டு வந்தார். வரப்புத் தகராறுக்காரன் அன்றிலிருந்து மண்வெட்டியைக் கொஞ்சம் தள்ளியே போட்டான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெற்ற அப்பாவே இப்படி என்றால் ஊரைச் சொல்வானேன்? கல்யாணத்துக்குப் போய் அவள் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர்களின் பேச்சு நின்றுவிடும். சாம்பார்க்காரன் மட்டும் கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றுவான். கை கழுவுகிற இடத்தில் ஒரு மாமா வந்து, "ஏட்டம்மா, நம்ம பையன் லைசென்ஸ் இல்லாம மாட்டிக்கினான். ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்பார். முடியாது என்றால், போலீசானதும் சொந்தபந்தம் மறந்துவிட்டது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருக்கு யாராவது சொல்லிக் காரியம் ஆகிவிட்டாலோ, மறுநாள் அவரே டீக்கடையில், "எல்லாம் சிபாரிசுதாம்பா அங்க" என்று நாட்டை நினைத்து வருத்தப்படுவார். வளர்மதிக்கு ஆரம்பத்தில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வர ஆரம்பித்தது. துறையில் திட்டு வாங்க வேண்டியவர்கள் யார் யார் என்று ஊரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஊர் திட்டும்போது முழுக்க மறுக்கவும் வராது, முழுக்க ஒத்துக்கொள்ளவும் மனசு வராது.

வேலையில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. விசாரணைக்கு யாரையாவது கூட்டிவந்திருந்தால், அரைமணிக்கு ஒரு தரம் வெளியே போய், வாசலில் நிற்கிற வீட்டு மனிதர்களைத் தேடிப்பிடித்துப் பேசுவாள். "உள்ளதான் கீறாரு. டீ குடிச்சாரு. இன்ஸ்பெக்டர் வந்து பேசினதும் தெரியும். நிக்காத, அந்த பெஞ்சில ஒக்காரு." இவ்வளவுதான் சொல்வாள். செய்ய வேண்டியதென்று சட்டத்திலேயே இருக்கிற காரியம்தான். ஆனாலும் வேலை செய்த இடங்களில் எல்லாம் அவளுக்கு 'வாசல் ஏட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "யம்மா, நீ போலீசா, ஆஸ்பத்திரி நர்சா?" என்று கேட்டார் ஒரு அதிகாரி. சிரித்துக்கொண்டே சல்யூட் அடித்துவிட்டு மறுபடியும் வாசலுக்குப் போனாள்.

இந்தச் சித்திரையில் உத்திரமேரூருக்கு மாற்றல் வந்தது. சொந்த ஊர்ப் பக்கம் வந்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டது இரண்டு நாள்தான். செங்கல்பட்டில் இருந்த போலீஸ் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். இங்கே குடியிருப்பில் இடம் இல்லை. திருப்புலிவனத்து வீட்டில் அண்ணன் குடும்பமே நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. மகள் ஜெயப்பிரியா ப்ளஸ் ஒன் சேரப் போகிறாள். அம்மாவின் மாற்றலுக்கெல்லாம் பின்னாலேயே ஓடி ஐந்து பள்ளிக்கூடம் பார்த்தவள். "இந்த ரெண்டு வருஷமாவது ஒரே வூட்ல இருந்து படிக்கிறேம்மா" என்று கேட்டிருந்தாள். அதிகமாக ஒன்றும் கேட்கிற பெண் இல்லை. கணவன் தினகரனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. கம்பெனி பஸ் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுவரை வரும். எல்லாம் பொருந்தி வந்தது, வீடு ஒன்றைத் தவிர. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வீடு அமையாவிட்டால் பெண்ணைக் காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் விடுவது என்று தினகரன் விண்ணப்பமே வாங்கி வைத்துவிட்டான். 

ஊரில் வீடு இல்லாமல் இல்லை. 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கிய நாலைந்து வீடுகளுக்குப் போனார்கள். "சம்சாரம் இன்னா பண்றாங்க?" என்று கேட்பார்கள். போலீஸ் என்று தினகரன் சொன்னதும், அட்டை தொங்கும்போதே வீடு காலியில்லாமல் போய்விடும். ஒருத்தருடைய தங்கை குடும்பம் துபாயிலிருந்து அந்த நிமிஷமே கிளம்பிவிட்டது. இன்னொருத்தர், வாஸ்து சரியில்லை, உங்களுக்கு ஆகாது என்று இவர்கள்மேல் கரிசனப்பட்டார். ஆண்டாளம்மாள் என்கிற வீட்டுக்காரி மட்டும்தான் மனசில் இருந்ததை நேராகச் சொன்னாள். "போலீசுக்கு வூடு குத்துட்டு, நாளைக்கி காலி பண்ணுன்னு யார் சொல்றது? போலீஸ்ல போய் சொல்லணுமா?" அதில் நியாயம் இருந்தது. ஆனால் சொன்ன கையோடு வாசல்வரை வந்து, "யம்மா, எம்போன் தொலஞ்சி பத்து நாளாவுது. மனு குத்துக்கீறேன், கொஞ்சம் பாத்து சொல்லேன்" என்றாளே, அதைக் கேட்டு வளர்மதிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பார்த்துச் சொன்னாள் என்பது வேறு விஷயம்.

கடைசியில் கௌஸ் பாய் வீட்டு மாடி கிடைத்தது. முகம்மது கௌஸ் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். அறுபது தாண்டியவர், பேச்சு குறைவு. அவர் பேசாததையும் சேர்த்து மனைவி வகிதா பேசிவிடுவாள். மகன் அஸ்லம் அப்பாவோடு கடையில் இருந்தான். அஸ்லமின் மகள் சனோபர் இரண்டாம் வகுப்பு.

வீடு பார்க்கப் போன அன்று வளர்மதி புடவையில் இருந்தாள். படிக்கட்டுச் சுவரில் சனோபர் கரிக்கட்டியால் கிறுக்கிக்கொண்டிருந்தாள். "ஏய், செவத்துல எழுதலாமா? அத்த கீழ போடு" என்று வளர்மதி ஒரு குரல் கொடுத்தாள். யார் சொன்னாலும் கேட்காத குழந்தை, கரிக்கட்டியைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. வகிதா வாயைப் பிளந்தாள். "நீங்க டீச்சரா?"

தினகரன் முந்திக்கொண்டு, "கவர்மென்ட் உத்தியோகம்" என்றான்.

"அதான பாத்தேன்" என்று வகிதா முடிவுகட்டிவிட்டாள். இல்லை என்று சொல்லத்தான் வளர்மதி வாயைத் திறந்தாள். அதற்குள் மாடி ஜன்னலிலிருந்து ஜெயப்பிரியா, "யம்மா, இங்கருந்து ஸ்கூல் தெரியுதும்மா!" என்று கத்தினாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் திறந்த வாயை மூடிவிட்டது. எத்தனையோ பேரை உட்காரவைத்து, உண்மையைச் சொல்லு, உண்மையைச் சொல்லு என்று கேட்டவள் தன் முறை வந்தபோது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதினோரு நாள் டீச்சராக இருந்தாள். யூனிபார்மைப் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு புடவையில் கிளம்பி, ஸ்டேஷனில் மாற்றிக்கொள்வாள். துவைத்தால் வழக்கம்போல் ஃபேனுக்குக் கீழே. வகிதா காலையில் நாஷ்டா கொடுத்தனுப்புவாள். பதிலுக்குச் சனோபருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. வளர்மதிக்குத் தெரிந்தது ஒரே முறைதான். "பதினேழுல ஒம்போது போனா எவ்ளோ? நல்லா யோசிச்சி சொல்லு. அப்பறம் மாத்தி சொல்லக்கூடாது." குழந்தை பயந்துபோய் எட்டு என்று சரியாகச் சொன்னது. டீச்சர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று வகிதா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு மதியம் கீழே கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது வகிதாவே பேச்சை எடுத்தாள். "நாங்க யாருக்கு வேணா வூடு குடுப்போம் டீச்சரம்மா. போலீசுக்கு மட்டும் கெடையாது. அவரு ஒத்துக்க மாட்டாரு." ஆறு வருஷத்துக்கு முன் அஸ்லம் மெட்ராசில் கடைக்குச் சரக்கு எடுத்துக்கொண்டு வந்தபோது, எங்கோ வழியில் வண்டிச் சோதனையில் நிறுத்தி, தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறான் என்று ஒரு ஸ்டேஷனில் உட்காரவைத்துவிட்டார்கள். செய்தி தெரிந்து கௌஸ் பாய் ஓடினார். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். அவர் வெளியே நின்றார். ஆறு மணி நேரம். சாயங்காலம் அஸ்லம் வெளியே வந்தபோது ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. ஆள் மாறிவிட்டது, போ என்றார்களாம். "அன்னிலேர்ந்து அவரு நம்மூரு ஸ்டேஷன் வழியா போறதுகூட இல்ல. சுத்திக்கினு அந்தத் தெருவாலதான் கடைக்கி போறாரு. பேஜாரா பூடுச்சி அவருக்கு."

வளர்மதியின் கையில் கீரை அப்படியே இருந்தது. செய்தது தவறு, பெரிய தவறு, அதற்கு ஒரு சமாதானமும் கிடையாது என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. டீச்சர் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஞாயிற்றுக்கிழமை கடை அரைநாள்தான். அன்று பாய் வீட்டில் இருப்பார். அவர் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். அதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை, திருப்புலிவனம் தாண்டி ஒரு கிராமத்தில் தண்ணீர் வரவில்லை என்று பெண்கள் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெண்கள் மறியலுக்குப் பெண் போலீஸ் வேண்டும். சிறப்பு உதவி ஆய்வாளர் சாம்சன் போன் செய்து, "எங்க கீறியோ அங்கயே நில்லு, ஜீப் வருது" என்றார். நானே வந்துவிடுகிறேன் சார் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் ஜீப் வீட்டு வாசலில் நின்றது. புடவையோடும் பையோடும் அவள் படியிறங்கி ஓடிவந்தாள். முன்சீட்டிலிருந்து சாம்சன், "ஏறு, ஏறு, ஜல்தி!" என்று கத்தினார். பின்சீட்டிலிருந்த பெண் காவலர் செங்கேணி கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

இதை எதிரில் தையல் கடை வைத்திருக்கிற வரதன் பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சரம்மா முகம் வெளுத்து ஓடிவருகிறாள், அதிகாரி அதட்டுகிறார், பெண் போலீஸ் கையைப் பிடித்து இழுக்கிறாள். இதற்கு வேறு என்ன அர்த்தம்? கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடே ஹார்டுவேர் கடைக்கு ஓடினான். "பாய்! உங்க வூட்டு டீச்சரம்மாவ போலீஸ் இஸ்துக்கினு பூடுச்சி!" விஷயம் கடைத்தெருவின் இந்த முனையில் பொய் சர்டிபிகேட் கேசாக இருந்தது, அந்த முனைக்குப் போவதற்குள் பரீட்சைப் பேப்பரை வெளியே விட்ட கேசாகிவிட்டது.

பிறகு நடந்ததெல்லாம் வளர்மதிக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. கௌஸ் பாய் தினகரனுக்குப் போன் செய்தார். கம்பெனிக்குள் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், யாரும் எடுக்கவில்லை. ஜெயப்பிரியா பள்ளிக்கூடம் போயிருந்தாள். குடிவந்து பத்து நாள்தான் ஆகிறது, யார் எவரென்று தெரியாது, ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று கடைக்கு வந்தவர்கள் புத்தி சொன்னார்கள். அஸ்லம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தான். பாய் எழுந்தார். வீட்டுக்குப் போய், "சோறு கட்டு. உள்ள ஒண்ணும் துண்ணக் குடுக்க மாட்டாங்க" என்றார். வகிதா அழுதுகொண்டே சோறும் தால்ச்சாவும் கட்டிக் கொடுத்தாள். கேரியரைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆறு வருஷமாகச் சுற்றிப்போன தெருவை விட்டு, நேர்வழியாக அவர் ஸ்டேஷனுக்கு நடந்தார்.

வரவேற்பு மேஜையில் மூன்று நாளைக்கு முன்பு வந்து சேர்ந்த ஒரு காவலன் இருந்தான். "எங்க வூட்ல குடி கீற டீச்சரம்மா எங்க?" என்று பாய் கேட்டார். அடுத்த வீட்டுப் பெண்களின் பெயரைக் கேட்டுவைத்துக்கொள்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. "தினகரன் சம்சாரம்" என்று மட்டும் சொன்னார்.

"டீச்சரா? அப்டி யாரும் இங்க இல்லியே பாய்."

அதே வார்த்தை. பாய் வாசல் பக்கம் திரும்பினார். ஆனாலும், "இல்லன்னா பரவால்ல. நா இங்கதான் ஒக்காருவேன்" என்று வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். கேரியரை மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே ஒரு குரல் யாரையோ "டேய்" என்று அதட்டியது, அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் புதுக் காவலனே எழுந்துவந்து தண்ணீர் பாட்டில் கொடுத்தான். பாய் வாங்கிக்கொள்ளவில்லை.

வழியில் திருப்புலிவனத்து அண்ணன் வீட்டில் காக்கிக்கு மாறிக்கொண்டு போன வளர்மதி, அந்தப் பக்கம் மறியலில் போலீசையும் போலீசைப் பெற்றவர்களையும் சேர்த்து இரண்டு மணி நேரம் திட்டு வாங்கினாள். தானும் குடத்துக்குப் பக்கத்தில் ரோட்டிலேயே உட்கார்ந்து, தண்ணீர் லாரி வந்து சேரும்வரை எழுந்திருக்கவில்லை. லாரி வந்ததும், திட்டின பெண்களே, "வெயில்ல கெடந்து வாடிட்டியேம்மா" என்று மோர் கொடுத்தார்கள். அதில் பாதி சட்டைமேல் கொட்டியிருந்தது. அந்தக் கோலத்தில், தொப்பியும் காக்கியுமாக, மத்தியானம் ஜீப்பிலிருந்து இறங்கினாள்.

வாசல் பெஞ்சில் யாரோ ஒரு பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் சோற்றுக் கேரியர். வளர்மதிக்குக் கால்கள் தாமாக அந்தப் பக்கம் திரும்பின; பதினெட்டு வருஷப் பழக்கம். கிட்டே போய் லேசாகக் குனிந்து, "யாரு உள்ள கீறாங்க பெரியவரே? யாருக்காக ஒக்காந்துகீறீங்க?" என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்தார். முதலில் காக்கியைப் பார்த்தார். அப்புறம் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"உனுக்காகத்தாம்மா" என்றார் கௌஸ் பாய்.

வளர்மதிக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "நா டீச்சர் இல்ல பாய். போலீசுன்னு சொன்னா வூடு குடுக்க மாட்டாங்கன்னு வாய மூடிக்கினு இருந்துட்டேன். தப்பு என்னுதுதான்" என்றாள்.  பாய் கேரியரைப் பெஞ்சில் வைத்தார், எழுந்தார், போய்விட்டார். வந்த வழியாகப் போகவில்லை. பழையபடி அந்தச் சுற்றுத் தெருவில் திரும்பினார். அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. செங்கேணி கேரியரைத் திறந்து எடுத்துவைத்தாள். வளர்மதி அழுதுகொண்டே சாப்பிட்டாள். பசியும் இருந்தது, தால்ச்சாவும் நன்றாக இருந்தது, இரண்டையும் மறைப்பானேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது தினகரன் ஹாஸ்டல் விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜெயப்பிரியா ஜன்னலோரம் நின்று பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகங்களை ஏற்கெனவே பெட்டியில் அடுக்கியிருந்தாள். வளர்மதிக்கு அதைத் தாங்க முடியவில்லை. யூனிபார்மை மாற்றாமலே கீழே இறங்கினாள். இனி மாற்றி என்ன?

கூடத்தில் பாயும் வகிதாவும் உட்கார்ந்திருந்தார்கள். அஸ்லம் கதவோரம் நின்றான். வகிதாதான் ஆரம்பித்தாள். "பதினோரு நாளு. பதினோரு நாளு என் கையால நாஷ்டா துண்ணியே, ஒரு வார்த்த சொன்னியா? புள்ள ரெண்டு நாளா எங்கிட்டயே 'நல்லா யோசிச்சி சொல்லு, மாத்தி சொல்லாத'ன்னு கேக்குது. அப்பவே எனக்கு டவுட்டு வந்துருக்கணும்."

"மன்னிச்சிடுங்க பாயம்மா. ஒரு மாசம் டைம் குடுங்க, காலி பண்ணிடறோம்" என்றாள் வளர்மதி. "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். அஸ்லம் தம்பிக்கி நடந்தது தப்பு. எந்தச் சட்டத்துலயும் அதுக்கு எடம் இல்ல. அந்த ஸ்டேஷன்ல நா வேல செஞ்சது இல்ல. ஆனா நா போட்டுக்கினு கீறதும் அதே சட்டதான்."

பாய் கையை உயர்த்தி நிறுத்தினார். "நா ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கி எம்புள்ள உள்ள ஒக்காந்திருந்த எடத்துல நீ இருந்திருந்தா இன்னா பண்ணியிருப்பே?"

தடுத்திருப்பேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் இந்த வீட்டில் இனிமேல் ஒரு பொய் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. "தெரியல பாய்" என்றாள். "அப்போ நா சாதா கான்ஸ்டபிள். மேல கீறவரு கை நீட்டினா எதுத்துப் பேச எனக்கு தெகிரியம் இருந்திருக்குமான்னு சத்தியமா தெரியல." அவரை நேராகப் பார்த்தாள். "ஆனா வெளிய வந்திருப்பேன். வாசல்ல நிக்கற உங்களாண்ட வந்து, உங்க புள்ள உள்ளதான் கீறான், உயிரோட கீறான், ஒக்காருங்கன்னு சொல்லியிருப்பேன். அத மட்டும் நா எப்பவும் செய்வேன். எங்கம்மாவ ஒருநாள் அப்டி நிக்க வெச்சாங்க."

 கௌஸ் பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"அந்த ஒரு வார்த்தைக்குத்தாம்மா அன்னிக்கி ஆறு மணி நேரம் நின்னேன்" என்றார். "இன்னிக்கி நீ வந்து கேட்டியே, யாருக்காக ஒக்காந்துகீறேன்னு. அப்போ நா யாருன்னு ஒனக்கு தெரியாது. தெரியாமதான கேட்டே?"

"தெரியாமதான் பாய்."

பாய் வகிதாவைப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு அது போதும். வகிதா எழுந்து, "காலி பண்றாளாம் காலி. ஸ்கூல் தொறந்தாச்சி, அந்தப் பொண்ணு எங்க போவும்?" என்று சத்தம் போட்டுக்கொண்டே மாடி ஏறினாள். தினகரன் கையிலிருந்த விண்ணப்பத்தைப் பிடுங்கிச் சனோபரிடம் கொடுத்தாள். அதன் பின்பக்கம் அன்று ஒரு ஜீப் படம் வரையப்பட்டது. அதற்கப்புறம்தான் வகிதாவின் கண் உள் அறைக் கயிற்றில் விழுந்தது. துவைத்துப்போட்ட இன்னொரு காக்கிச் சட்டை ஃபேனுக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது.

"அடியே, இதானா அது! நாத்தம் எங்கருந்து வருதுன்னு பத்து நாளா தேடறேன். எலி செத்துப்போச்சின்னு நெனச்சிக்கினு கீறேன்!"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை கௌஸ் பாய் கடையிலிருந்து புது வயரும் இரண்டு பெரிய கொக்கியும் கொண்டுவந்தார். மாடியில் தெருப்பக்கச் சுவரிலேயே அஸ்லம் துளைபோட்டு இறுக்கிக் கட்டினான். "இங்கியே காயட்டும். திருடன் கிருடன் வந்தா பாத்துட்டு ஓடிடுவான்" என்று வகிதா எல்லோருக்கும் கேட்கும்படி காரணம் சொன்னாள்.  அஸ்லம் வளர்மதியிடம் இன்றுவரை அதிகம் பேசுவதில்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை, அவன் கன்னம் அது. ஆனால் கொக்கி ஆடுகிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினான்.

பாயின் லுங்கிக்கும் சனோபரின் பள்ளிக்கூடப் பாவாடைக்கும் நடுவில் காக்கிச் சட்டை காய்ந்தது. கீழே வரதன் தையலை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பத்து மணிக்கெல்லாம் மொடமொடவென்று காய்ந்துவிட்டது. வளர்மதி அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். வெயில் வாசனை அடித்தது. வெகுநேரம் அப்படியே நின்றாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அவளுக்கு.

திங்கட்கிழமை காலை அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பை இல்லாமல், முன்வாசல் வழியாக இறங்கினாள். தெருமுனைவரை கௌஸ் பாயும் கூடவே நடந்தார். முனையில் சுற்றுத் தெருப்பக்கம் திரும்பாமல் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு அவளோடு நேர்வழியிலேயே வந்தார். ஸ்டேஷன் வாசல் வந்ததும் உள்ளே பார்க்காமல், வெளிப் பெஞ்சை மட்டும் பார்த்தார்.

"வாசல்ல யாராச்சும் நின்னா பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டுக் கடையைத் திறக்கப் போனார்.